365 படி ஏறினால் போதுமா?

"கோவா போட்டுடலாமாணா?"

திருத்தணி மலையடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி கேட்டான். விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். அதற்குள் இரண்டு முறை மேலே போய் இறங்கியிருந்தான். நெற்றியில் விபூதியும் வியர்வையும் கலந்து வழிந்தன. கோவா என்று அவன் சொன்னது சுற்றுலாவை அல்ல, மிராமர் கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியை. கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 21.1 கிலோமீட்டர் ஓடி, எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தம்பி இதுவரை எந்த டிரையத்லானிலும் இறங்கியதில்லை. இதுதான் முதல் முறையாக இருக்கும்.

"போடேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஆசையோடு கேட்கிறவனிடம் வேறென்ன சொல்வது என்ற சோம்பேறித்தனம்தான். ஆனால் அந்த ஒரு சொல் பிறகு உறுத்திக்கொண்டே இருந்தது. நிறுத்துப் பார்க்காமல் சொன்ன பதில் அது. இப்போது நிறுத்துப் பார்க்கிறேன்.

முதலில் அவன் பக்கம். தன் தகுதியை அவன் சொன்ன விதம் நினைவிருக்கிறது. தினமும் இரண்டு தடவை 365 படி. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் நாகலாபுரம் வரை. ஆடிக் கிருத்திகைக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து காவடி. நீச்சலைப் பற்றி அவனாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு, "அதெல்லாம் மாமா கெணத்துல கத்துக்கினதுதாண்ணா" என்றான். படி, சைக்கிள், காவடி, கடைசியாகக் கிணறு. போட்டி நடக்கும் வரிசை இதற்கு நேர் தலைகீழ். முதலில் தண்ணீர், பிறகு சக்கரம், கடைசியில்தான் கால். அவனுக்கு மிகவும் பலமான இடம் கடைசியில் வருகிறது. பேச்சிலேயே ஒதுக்கிவைத்த இடம் முதலில் வருகிறது.

இது அவனுடைய தவறு மட்டும் இல்லை. நம் பக்கத்தில் டிரையத்லான் அறிமுகமான விதமே அப்படி. கோவாவில் முதல் 70.3 போட்டி 2019 அக்டோபர் 20 அன்று நடந்தது. கொரோனாவால் இரண்டாண்டு இடைவெளி விழுந்து, 2022-ல் மறுபடி தொடங்கியது. 2024 அக்டோபர் 27 அன்று பெங்களூர் தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா அதை முடித்தார். பிரதமர் பாராட்டியதும் நாடெங்கும் செய்தியானது. 2025 நவம்பரில் தமிழக பா.ஜ.க.வின் முன்னாள் தலைவர் அண்ணாமலையும் முடிக்க, 'அயர்ன்மேன்' என்ற சொல் தமிழ்நாட்டு டீக்கடைகள் வரை வந்து சேர்ந்துவிட்டது. அயர்ன்மேன் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், டிரையத்லான் என்பதுதான் விளையாட்டின் பெயர் என்ற வேறுபாடு அந்தப் பயணத்தில் எங்கோ உதிர்ந்துபோனது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் உதிர்ந்தது. இந்த விளையாட்டில் சின்ன அளவுகள் உண்டு. 'ஸ்பிரிண்ட்' என்று ஒன்று: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் அறிமுகமானது அதன் இரட்டிப்பு: ஒன்றரை, நாற்பது, பத்து. கோவாவில் ஓடுவது அதற்கும் மேலே, முழு அயர்ன்மேனில் பாதி. தம்பி படிக்கட்டின் நடுவிலிருந்து ஏறத் தொடங்கலாமா என்று கேட்கிறான். கீழே படிகள் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பெரிய குறி வைத்தால்தான் உடம்பு எழுந்திருக்கும் என்பார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. பணம் கட்டி, ரயில் டிக்கெட் போட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டால், மழை பெய்தாலும் காலையில் எழுந்துதான் ஆக வேண்டும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு யாரும் அலாரம் வைத்து எழுவதில்லை. இந்த வாதத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது சூர்யாவைத்தான். அந்தச் சான்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். அவர் முடித்த நேரம் 8 மணி 27 நிமிடம் 32 விநாடி. வாசல் மூட மீதியிருந்தது இரண்டு நிமிடம் 28 விநாடி. ஒரு பஞ்சர் ஆகியிருந்தால் பதக்கம் இல்லை. அதைவிடச் செய்திகள் விழுங்கிய வரி ஒன்று உண்டு: 2022-ல் அதே கோவாவில் அவர் ரிலே பிரிவில் இறங்கி, 90 கிலோமீட்டர் சைக்கிளை மட்டும் ஓட்டியிருந்தார். அதாவது அவரே ஒரு பகுதியை முதலில் செய்துபார்த்துவிட்டு, இரண்டாண்டு கழித்துத்தான் முழுவதுக்கும் வந்தார். 'முதல் தடவையே பாதி அயர்ன்மேன்' என்பதற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்படுகிறவரின் கதை, நிதானமாகப் படித்தால், படிப்படியாக ஏறியவரின் கதை. அடுத்த ஆண்டு இன்னும் குறைந்த நேரத்தில் முடித்தார் என்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

இந்த விளையாட்டின் பிறப்பும் அதே பக்கம்தான் சாய்கிறது. 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை சாயங்காலம், கலிபோர்னியாவின் சான்டியேகோ நகரில் மிஷன் பே என்ற விரிகுடாவில் ஓட்டக்காரர் சங்கம் ஒன்று ஒரு வேடிக்கைப் போட்டி வைத்தது. 'டிரையத்லான்' என்ற பெயரில் இன்றைய விளையாட்டு தொடங்கியது அங்கேதான். கட்டணம் ஒரு டாலர். ஓட்டம் மொத்தம் ஆறு மைல், சைக்கிள் ஐந்து மைல், நீச்சல் 500 கஜம். நீச்சலை ஒரே நீட்டாக வைக்காமல், ஓட்டத்துக்கு நடுவே துண்டுதுண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வேலை முடிந்து வந்து கலந்துகொண்ட 46 பேருக்கும் அது முதல் டிரையத்லான். அவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் ஒருவர். பிறகு ஹவாய்க்கு மாற்றலாகிப்போன அவர், நீச்சல்காரன் பலசாலியா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா என்ற சண்டையைத் தீர்க்க, அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த மூன்று பெரிய போட்டிகளை ஒன்றாக ஒட்டினார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அதுதான் அயர்ன்மேன். பந்தயம் கட்டியவர்களின் விளையாட்டு அது. ஆனால் அதைக் கட்டியவரே சின்னதை முடித்துவிட்டு வந்தவர்.

பின்னே எப்படிப் பெரியது சின்னதை மறைத்தது? தொலைக்காட்சியால். 1982 பிப்ரவரியில் ஹவாயில் பெண்கள் பிரிவில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, கோட்டுக்குச் சில அடி முன்னால் விழுந்தார். இன்னொரு பெண் தாண்டிப் போய்விட்டார். இவர் எழ முடியாமல் கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து கோட்டைத் தொட்டார். அமெரிக்கா முழுவதும் அதைப் பார்த்தது. அன்றிலிருந்து இந்த விளையாட்டின் முகம் தவழும் பெண்ணின் முகமாகிவிட்டது. வலியைத் தாங்குவதுதான் டிரையத்லான் என்ற எண்ணத்தின் வேர் அங்கே இருக்கிறது.

வலியைத் தாங்குவது என்றால் திருத்தணிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பியின் நம்பிக்கையும் அதில்தான் நிற்கிறது. ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர்ப் பக்கமிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் புஷ்பக் காவடியோடு வருகிற கூட்டத்தைப் பார்த்தவன் எவனும் நம் ஆட்களிடம் தாக்குப்பிடிக்கும் வலு இல்லை என்று சொல்ல மாட்டான். சரவணப் பொய்கையில் முழுகி, ஈரத்துணியோடு, தோளில் பாரத்தோடு, வெறுங்காலில் படியேறுகிறார்கள். நீர், நடை, ஏற்றம். மூன்று உண்டு! இதை 'நம்மூர் டிரையத்லான்' என்று சொல்லிவிட யாருக்கும் நாக்கு துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்புமை பாதியில் உடைகிறது.

காவடிக்குக் கடிகாரம் இல்லை. சாயங்காலம் சேர்ந்தாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். வழியில் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள், தடுமாறினால் தோளைப் பிடிக்கிறார்கள், பம்பையும் உடுக்கையும் கூடவே வருகின்றன. தனி ஆளாக ஒருவன் காவடி எடுப்பதே இல்லை; ஊர் எடுக்கிறது, அவன் சுமக்கிறான். கோவாவிலோ நீச்சலை 1 மணி 10 நிமிடத்தில் முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொட விட மாட்டார்கள். அவர்கள் வைத்திருக்கும் பந்தலைத் தவிர வெளியாள் ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினால்கூட விதிமீறல். இன்னொன்று, காவடியில் தண்ணீர் முழுகி எழுவதற்கு. அங்கே அதில் கடந்து போக வேண்டும். ஆகவே காவடி அவனுக்குப் போட்டியின் பின்பாதியைத் தரும், முன்பாதியைத் தராது. ஒன்றை மட்டும் காவடியிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: விரதம். மாலை போட்ட நாளிலிருந்து சாப்பாடு, தூக்கம், நாக்கு எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குள் வைத்துத் தயாராகிற பழக்கம். முதல் முறை இறங்குகிறவர்களில் பலருக்கு அதுதான் இருப்பதில்லை; கடைசி மூன்று வாரத்தில் முட்டி தேய ஓடுவார்கள். தம்பிக்கு அது இருக்கிறது. இதை அவன் வரவில் எழுதுகிறேன்.

இனி தண்ணீர். இங்கேதான் நான் அதிகம் நின்றாக வேண்டும்.

தூரக் கணக்கில் பார்த்தால் நீச்சல் ஒன்றுமே இல்லை. ஸ்பிரிண்டில் மொத்தம் 25.75 கிலோமீட்டர், அதில் நீச்சல் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. கோவாவில் இரண்டு சதவீதம்கூட இல்லை. அங்கே ஐந்தில் நான்கு பங்கு சைக்கிள்தான். இந்தக் கணக்கைக் காட்டி, "நீச்சல் சும்மா நுழைவுச் சீட்டு" என்று ஆறுதல் சொல்கிற பயிற்சியாளர்கள் உண்டு. வேறொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும், உயிர் மீட்கப்பட்ட இதயநிறுத்தங்களையும் ஒரு மருத்துவக் குழு தொகுத்து, 2017-ல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியிட்டது. மொத்தம் 135. அதில் நீச்சலில் 90. ஓட்டத்தில் 15. சைக்கிளில் விழுந்து அடிபட்டு இறந்தவர்கள் 15, இதயத்தால் விழுந்தவர்கள் 7. மிச்சம் போட்டி முடிந்து இளைப்பாறும்போது. மூன்று சதவீதத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆபத்து குவிந்து கிடக்கிறது. நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும்: லட்சம் பேர் கலந்துகொண்டால் இரண்டு பேருக்கும் குறைவாகவே இப்படி நேர்கிறது, பயந்து ஓடுகிற எண் இல்லை. பிரேதப் பரிசோதனை நடந்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்தில் முன்பே கோளாறு இருந்திருக்கிறது, வெளியே தெரியாமல். நாற்பதைத் தாண்டிய ஆண்கள் படிவத்தை நிரப்புவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தம்பிக்கு இருபத்தெட்டு வயது. அவனுடைய சிக்கல் இதயமாக இருக்க வாய்ப்பு குறைவு. அவனுடைய சிக்கல் கிணறு.

வட ஆற்காட்டுப் பக்கத்துப் பாசனக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி மாமனோ சித்தப்பனோ தள்ளிவிடுவார். இரண்டு நாள் தண்ணீர் குடித்து, மூன்றாம் நாள் மிதந்து, ஒரு வாரத்தில் மோட்டார் மேடையிலிருந்து குதிக்கிற வீரனாகிவிடுவான் பையன். இதைவிட நல்ல முதல் பள்ளிக்கூடம் கிடையாது. தண்ணீர் பயம் போய்விடும், மூழ்கி எழுவது விளையாட்டாகிவிடும். அதோடு நீச்சல் பாடம் முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கிணறு சொல்லித்தராத பாடங்கள் இருக்கின்றன. கிணற்று நீச்சலில் தலை எப்போதும் வெளியே இருக்கும். பத்து கைவீச்சில் அடுத்த சுவர் வந்துவிடும். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், காலால் உதைத்துத் திரும்பலாம். முகத்தை உள்ளே வைத்து, நீருக்குள்ளேயே மூச்சை முழுதாக விட்டு, பக்கவாட்டில் திரும்பி எடுத்துக்கொள்கிற அந்த ஒரு பழக்கம் கிணற்றில் வராது, தேவைப்படுவதும் இல்லை. தலையைத் தூக்கினால் இடுப்பு தாழும். இடுப்பு தாழ்ந்தால் உடம்பே பிரேக். அப்படியே முந்நூறு மீட்டர் போவதற்குள் படியில் சேர்த்த பலமெல்லாம் கரைந்துவிடும். திறந்த நீரில் கூடுதலாக, சுற்றி இருநூறு கை கால்கள், அடியில் தரை தெரியாத பச்சை, எங்கே போகிறோம் என்று பத்து வீச்சுக்கொரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டிய தொல்லை. நன்றாக நீந்துகிறவனுக்கும் முதல் இரண்டு நிமிடம் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். வலுவால் அதை வெல்ல முடியாது. வலுவைப் போடப் போட மூச்சு இன்னும் முட்டும்.

கோவாக் கடல் வெதுவெதுப்பானது. குளிர்நாட்டுப் போட்டிகளில் போடுகிற மிதவை உடைக்கு அங்கே இடமில்லை. ஆகவே முதல்முறைக்காரனுக்கு அந்த ரப்பர்த் துணையும் கிடைக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர்ந்தால் இந்தக் கட்டுரையே ஓரவஞ்சனை. நான் இதுவரை 'தம்பி' என்றே எழுதிவருகிறேன். அந்தக் கிணறுகூட அவன் தங்கைக்குக் கிடைத்ததில்லை. பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளையைக் கிணற்றில் இறங்க விடுகிற வீடுகள் எத்தனை? படியேறுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். மூட்டு வலியோடும் இடுப்பில் பிள்ளையோடும் ஏறுகிறார்கள். தாக்குப்பிடிக்கும் வலுவுக்கு எந்தக் குறையும் இல்லை. தண்ணீரில்தான் கதவு. 'டிரையத்லான் எல்லோருக்குமானது' என்கிற விளம்பர வாசகத்தை எடைபோட இந்த ஒரு இடம் போதும். 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகத்துக்குத் திருத்தணியிலிருந்து தினமும் போய்வர முடியாது; ஆணுக்கே முடியாது. முதல் டிரையத்லான் என்பது சிறு நகரங்களில் மன உறுதியைப் பொறுத்தது என்று பேசுகிறவர்கள், அரசு எங்கே குளம் வெட்டுகிறது, அதில் பெண்களுக்கு எந்த நேரம் ஒதுக்குகிறது என்பதைப் பேசுவதில்லை.

சைக்கிள், செலவு இவற்றை விரைவாகத் தாண்டிவிடலாம். பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டு கோவாவுக்குப் பொருந்தும், ஸ்பிரிண்டுக்குப் பொருந்தாது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் ஓடுகிற நிலையில் இருந்து, இரண்டு பிரேக்கும் பிடித்தால், 20 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னேபின்னே அதிலேயே ஓட்டிவிடலாம். ஹெல்மெட் கட்டாயம், அதன் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கவே வேண்டும். முதல்முறைக்காரர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறை விதிகளில்தான். 90 கிலோமீட்டர் என்றால் கதை வேறு. திருத்தணியிலிருந்து சென்னை வரை மிதித்துப் போய், இறங்கிய கையோடு அரை மாரத்தான் ஓடுவது அது. அந்தத் தூரத்தில் சாலைச் சைக்கிள் தேவைப்படும், அதைப் பிரித்துப் பெட்டியில் கட்டி ரயிலில் கொண்டுபோக வேண்டும், அறை, சாப்பாடு. மாதச் சம்பளக்காரன் ஒருவனின் இரண்டு மூன்று மாத உழைப்பு அப்படியே போகும்.

அப்புறம் அந்தப் படிகள். 365 படியைத் தினமும் ஏறுகிறவனுக்கு நெஞ்சும் தொடையும் தேறும், சந்தேகமில்லை. ஆனால் கால் மணி நேர ஏற்றத்துக்குப் பழகிய உடம்பு வேறு, இரண்டு மணி நேரம் ஒரே சீராக வேலை செய்கிற உடம்பு வேறு. இறங்கும்போது ஓடி இறங்குகிறான். அதுதான் தொடைத் தசையையும் முட்டியையும் உள்ளுக்குள் கிழிப்பது. ஏறலாம், இறங்கும்போது நடக்க வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல் ஆகிவிடுகிற அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்தப் படியும் பழக்காது. மிதித்த சூட்டோடு ஓடிப் பழகினால்தான் உண்டு. இன்னொன்று, டிசம்பர் 31 இரவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து திருப்புகழ் பாடி ஏறுகிற ஊர் இது. அந்தப் படிகளில் கையில் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு, முதியவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவனைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தம்பி அப்படிப்பட்டவன் இல்லை, ஒவ்வொரு முறையும் மேலே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறான்.

அப்படியானால் திருத்தணியிலேயே ஒரு சின்ன டிரையத்லான் வைத்தால் என்ன? இந்த யோசனையை ஆசையோடுதான் எடுத்தேன், ஒவ்வொன்றாக உதிர்ந்தது. சரவணப் பொய்கை தெப்பம் விடுகிற தீர்த்தம். அதில் பந்தயம் என்ற பேச்சே வேண்டாம். சாலை என்றால் சென்னை-திருப்பதி நெடுஞ்சாலை. புரட்டாசியில் கோவிந்தா சொல்லி நடக்கிறவர்களும், வருஷம் முழுக்க லாரியும் பஸ்ஸும் நிறைந்த அதை இரண்டு மணி நேரம் மூட எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். வடக்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரம். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது, ம.பொ.சி. வாங்கித் தந்த எல்லைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் போனால் இரண்டு மாநில போலீஸிடம் அனுமதி வாங்க வேண்டும். வெயில் இருக்கவே இருக்கிறது. கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்ப் பட்டியலில் திருத்தணி விடுபடுவதே அபூர்வம். சினம் தணிந்த இடம் என்று பெயர், சூரியனிடம் மட்டும் அது செல்லவில்லை. மார்கழி, தை தவிர வேறு மாதத்தில் இங்கே பகல் ஓட்டம் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. ஒன்றே ஒன்று கைகூடி நிற்கிறது: பக்கத்து அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருக்கிறது. வெள்ளத்தில் ஆளை இழுத்து வருகிறவர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, அவர்களை வைத்து நீச்சல் சொல்லித்தர யாராவது ஏற்பாடு செய்தால், இந்த வட்டாரத்தின் முதல் டிரையத்லான் அங்கேதான் தொடங்கும் என்பேன். போட்டி பிறகு வரட்டும். அதுவரை சைக்கிளும் ஓட்டமும் மட்டும் கொண்ட டூயத்லான் ஒன்றை, தை மாத விடியலில், கிராமச் சாலையில் வைக்கலாம். அதைத் தாண்டி இந்த ஊரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, தம்பிக்கு என் தீர்ப்பு. டிரையத்லானில் இறங்கு. வலுவும் விரதமும் இருக்கிறவன் இறங்காமல் இருப்பதுதான் வீண். கோவாவில் தனியாளாக இறங்காதே, இந்த ஆண்டு நிச்சயம் வேண்டாம். அந்த வாசல் மூடுகிற கடிகாரம் உன் காலை அளப்பதற்கு முன் மூச்சை அளந்துவிடும். ஆசை அடங்காவிட்டால் ரிலே இருக்கிறது: நீந்தத் தெரிந்த ஒருவனைப் பிடி, ஓட்டத்தையோ சைக்கிளையோ நீ எடுத்துக்கொள், கூட்டத்தையும் கடலையும் கரையில் நின்று ஒரு நாள் பார். உன் சொந்த முதல் போட்டி ஸ்பிரிண்டாக இருக்கட்டும், முடிந்தால் குளத்தில் நீந்துகிற போட்டியாக. அங்கே எந்த நீச்சல் வகையும் செல்லும். மல்லாந்து நீந்தலாம், மூச்சு முட்டினால் மிதவையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், முன்னால் இழுத்துக்கொண்டு போகாதவரை குற்றமில்லை. 1.9 கிலோமீட்டரில் அந்தப் பெருந்தன்மையும் உண்டுதான், ஆனால் அதை அனுபவிக்க நேரம் இருக்காது.

என் தீர்ப்பில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்கிறேன். சின்னதில் தொடங்கச் சொன்னால் சிலர் தொடங்கவே மாட்டார்கள். ஸ்பிரிண்ட் முடித்தவனை எந்தப் பிரதமரும் பாராட்டுவதில்லை. அவன் மாமியார் வீட்டில்கூட அதென்ன என்று கேட்பார்கள். மூன்று நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காகவே நெருப்பில் இறங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் கரையேறியும் விடுகிறார்கள். அவர்களுக்கு இந்த எடைக்கல் பொருந்தாது.

போன வாரம் மறுபடி அதே டீக்கடையில் அவனைப் பிடித்து, இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுண்டியது. டீயை முடித்துவிட்டு, "எழுநூத்தம்பது மீட்டர்னா எவ்ளோ இருக்கும்ணா?" என்றான்.

"உங்க மாமா கிணறு குறுக்கே எவ்வளவு?"

"பத்து மீட்டர் வரும்."

"அப்ப எழுபத்தஞ்சு தடவை. தனியா இறங்காதே, மேலே கயிறோட ஒருத்தர் நிக்கணும். முகம் தண்ணிக்குள்ள இருக்கணும்."

மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டான். கிளம்ப எழுந்தவன் திரும்பி நின்றான்.

"செவுத்த ஒதைக்காமயாணா?"

"உதைக்காம."